கெடு தப்பாத கணினி, பெயர் தப்பாத கட்டுரை

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பில் இருப்பவர்களும், காலடிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் தினமும் தொட்டுப் பழகும் இயந்திரங்களை வைத்தே கணினி அறிவியலில் ஒரு தனி ஆராய்ச்சித் துறை ஐம்பது வருடமாக நடக்கிறது. நிகழ்நேரக் கணினியியல் என்பது அதன் பெயர். செயற்கை நுண்ணறிவு என்று ஊரே ஓடும்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அது உங்களுக்கு நல்லதுதான்.

வேகமான கணினி வேறு, நிகழ்நேரக் கணினி வேறு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது காலடிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அந்த ரயிலின் பிரேக் கட்டளை சராசரியாக எத்தனை மில்லிவினாடியில் போய்ச் சேர்கிறது என்று கேட்பதில் பயனில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கும் மிக மோசமான தருணத்திலும் கெடுவுக்குள் போய்ச் சேருமா? சேரும் என்று கணக்குப் போட்டு நிறுவ முடியுமா? இந்த இரண்டு கேள்விகள்தான் துறையே. 1973இல் லியூ, லேலாண்ட் இருவரும் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். அடிக்கடி வரும் வேலைக்கு அதிக முன்னுரிமை கொடுத்தால், செயலியின் சுமை சுமார் 69 சதவீதத்தைத் தாண்டாத வரை எந்த வேலையும் கெடு தவறாது என்று அவர்கள் நிறுவினார்கள். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் கைக்கு எட்டும் உதாரணம் பைக்கிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் கார்புரேட்டர் போய், எரிபொருளை அளந்து கொடுக்கும் வேலை கணினியிடம் போனது. 1955 முதல் என்ஃபீல்டு பெயரோடு ஒட்டிக்கொண்ட திருவொற்றியூரில், அசோக் லேலண்ட் லாரிக்குப் பேர்போன எண்ணூரில், இதன் பொருள் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும்: ஸ்பேனரோடு லேப்டாப்பும் வேண்டும். இன்று பெரும்பாலான வண்டிகளுக்குள் இருக்கும் கணினிகள் பேசிக்கொள்வது கேன் பஸ் என்ற கம்பி இணைப்பில். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது அது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு செய்திகள் மோதினால் சிறிய எண்ணுக்கே வழி. ஆனால் ஏற்கெனவே கிளம்பிவிட்ட செய்தியை நடுவில் நிறுத்த முடியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி குறுக்கே நுழைந்துவிட்டால் ஆம்புலன்ஸும் அது கடக்கும்வரை நிற்க வேண்டியதுதானே.

அப்படியானால் பிரேக் செய்தி அதிகபட்சம் எவ்வளவு காத்திருக்கும்? 1994இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் கென் டின்டெல், ஆலன் பர்ன்ஸ் முதலியவர்கள் இதற்கு ஒரு கணக்கு முறை கொடுத்தார்கள். கார் உலகம் அதை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு, பதிமூன்று வருடம் கழித்து அதில் ஓட்டை தெரிந்தது. ஒரு செய்தி முதல்முறை வரும்போது எவ்வளவு காத்திருக்கும் என்று மட்டும் அது பார்த்திருந்தது. அடுத்தடுத்த முறைகளில் காத்திருப்பு இன்னும் நீளலாம். 2007இல் டேவிஸ், பர்ன்ஸ், பிரில், லுக்கியன் நால்வரும் பழைய முறை தவறு என்று தலைப்பிலேயே சொல்லித் திருத்தி வெளியிட்டார்கள். பர்ன்ஸ் பெயர் இரண்டு கட்டுரையிலும் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒரு கட்டுரையில் பெயர் போடுவது என்றால் அதுதான். பாராட்டு வரும்போது மட்டுமல்ல, பிழை வரும்போதும் அந்தப் பெயருக்கு உரியவர் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1984இல் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. முடித்த ரகுநாதன் ராஜ்குமார் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனார். குறைந்த முன்னுரிமை வேலை ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார, அதற்காக உயர்ந்த முன்னுரிமை வேலை தவம் கிடக்கும் சிக்கலுக்கு, லூயி ஷா, லெஹோட்ஸ்கி ஆகியோருடன் அவர் எழுதிய தீர்வு 1990இல் வெளியானது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி தானே ரீஸ்டார்ட் ஆனதற்குக் காரணம் இதே சிக்கல். வானிலைத் தகவல் சேகரிக்கும் சின்ன வேலை பிடித்த பூட்டு, முக்கியமான வேலையை முடக்கியது. அந்தத் தீர்வு விண்கலத்தின் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது, அதை முடுக்கிவிடாமல் விட்டிருந்தார்கள். பூமியில் இருந்த நகல் கலத்தில் பிழையை வரவழைத்துப் பார்த்து, இங்கிருந்தே சரிசெய்தார்கள்.

சரி, எப்படி உள்ளே நுழைவது? காசு செலவில்லாமல் தொடங்கலாம். ஐஐடி கரக்பூரின் ராஜீப் மால் நடத்திய நிகழ்நேர அமைப்புகள் பாடம் என்பிடெல் இணையதளத்தில் இலவசம். ஐரோப்பிய நிகழ்நேர மாநாட்டின் கட்டுரைகளை 2017 முதல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு ராஸ்பெரி பை போர்டு வாங்கி, சைக்ளிக்டெஸ்ட் என்ற நிரலை ஓட்டி, சுமையை ஏற்றி, மிக மோசமான தாமதம் எவ்வளவு என்று வரைபடம் போடுங்கள். லினக்ஸின் நிகழ்நேரப் பகுதி இருபது வருட உழைப்புக்குப் பிறகு 2024இல்தான் மைய வெளியீட்டில் சேர்ந்தது. அதை முடுக்கியும் முடுக்காமலும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேர்காணலில் அந்த வரைபடம் உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட நன்றாகப் பேசும்.

படிப்பு என்றால், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.இ. எம்பெடட் பிரிவு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் ஆராய்ச்சிவழி எம்.எஸ். இருக்கிறது. சக்தி என்ற கணினிச் செயலி பிறந்த இடமும் அதுதான். 2022 யுஜிசி விதிப்படி, நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். வேலையை விட முடியாதவர்கள் முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகவும் சேரலாம். முழுநேரம் சேர்ந்து ஜேஆர்எஃப் கிடைத்தால், அந்த உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். குடும்பத்தைத் தாங்குமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

இனி, யாரும் சொல்லித் தராத பகுதி. கட்டுரையில் யார் பெயர் வரும்? ஐ-ட்ரிபிள்-ஈ என்ற பொறியாளர் அமைப்பின் விதி தெளிவாக இருக்கிறது: அறிவுபூர்வமான பங்களிப்பு வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ கை வைத்திருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஆசிரியர். முதல் விதியில் மாதிரிக் கருவி உருவாக்குவதும் அடக்கம் என்பதை அடிக்கோடிடுங்கள். போர்டை வடிவமைத்து, அளவெடுத்து, தரவை அலசியவர் 'டெக்னீஷியன்தானே' என்று நன்றிப் பட்டியலுக்குத் தள்ளப்படுவது நம் கல்லூரிகளில் சகஜம். வரைவு வரும்போது அந்தப் பகுதியை நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்குங்கள். அப்போது இரண்டாவது விதியும் உங்கள் பக்கம் வந்துவிடும். மறுபக்கம், ஆலைக்குள் விட்ட மேலாளருக்கும் ஆய்வகச் சாவி தந்த துறைத் தலைவருக்கும் அதற்காக மட்டும் பெயர் கிடையாது. நன்றி போதும். சாட்ஜிபிடிக்கும் பெயர் கிடையாது, ஆனால் அது எழுதித் தந்த பகுதி இருந்தால் சொல்லியாக வேண்டும்.

ஆலைத் தரவை வெளியிடுமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை அனுமதி, அதைத் தந்தவர் மாற்றலாகிப் போகும் நாளோடு போய்விடும்.

பெயரிலும் ஒரு வில்லங்கம். எஸ். கார்த்திக் ஒரு கட்டுரையில் கார்த்திக் எஸ்., இன்னொன்றில் அப்பா பெயரோடு கார்த்திக் சுப்பிரமணியன் என்று வந்தால், தேடும் இயந்திரத்துக்கு மூன்று ஆட்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரே வடிவத்தை முடிவு செய்து, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வைத்து, ஆர்க்கிட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை வாங்கிவிடுங்கள். பணம் கட்டினால் பத்தே நாளில் அச்சில் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்கு அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். அங்கே வந்த கட்டுரை உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், பிற்பாடு லேசில் போகாது.

வழிகாட்டியைச் சந்திக்கும் முதல் நாளே பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், நம்ம கட்டுரைகள்ல பெயர் வரிசை எப்படி முடிவு பண்ணுவோம்?" பதில் சொல்பவரிடம் சேருங்கள். கேள்விக்கே முகம் சுளிப்பவரிடம் எவ்வளவு பெரிய ஆய்வகம் இருந்தாலும் சேர வேண்டாம்.