களிமண்ணுக்குள்ளே தூண்கள்



எங்கள் ஊர் ஏரிக்கரை ரோட்டில் ஒரு இடம் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் அந்த இடம் மட்டும் இறங்கிவிடும். கல்லும் கிராவலும் கொட்டி மேலே தார் போடுவார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் இறங்கும். போன ஐப்பசியில் எங்க ஆயா வந்த ஷேர் ஆட்டோ அந்தப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. ஆயாவுக்கு வலது கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "கல்லைக் கொட்டிக்கினே இருக்காங்க, அதுவும் இறங்கிக்கினே இருக்குது. அடியில இன்னாதான்டி இருக்குது?" என்று என்னைக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் டீச்சரிடம் கேட்டும் புத்தகங்கள் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கரை ஏன் இறங்குகிறது?

களிமண்ணின் துகள்கள் மிக மிகச் சிறியவை. அவற்றின் இடையில் நிறைய தண்ணீர் இருக்கும். மேலே பாரம் ஏறினால் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதற்கு மாதங்களும் ஆகும், வருஷங்களும் ஆகும். தண்ணீர் போன அளவுக்கு மண் அமுங்கும். பாரம் அதிகமானால் சேறு பக்கவாட்டில் பிதுங்கி, கரையே சரிந்துவிடும்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். பள்ளத்தை நிரப்பக் கொட்டுகிற கல்லும் ஒரு பாரம்தானே! அதனால் அடிமண் இன்னும் அமுங்கும். நோய் அடியில் இருக்கும்போது மேலே மருந்து பூசினால் எப்படி ஆறும்?

கரை உடைந்தால் என்ன ஆகும் என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகளின் கரைகள் உடைந்து, பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது.

சுண்ணாம்பு சொல்லும் பாடம்

எங்க அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்பு வேலை செய்கிறார். தோலில் இருக்கிற முடி கழன்று வர, அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் எப்படிக் கொதிக்கும் என்று உங்களில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு ஈரக் களிமண்ணில் கலந்தால், முதலில் தண்ணீரை இழுத்துக்கொண்டு மண்ணை உதிரியாக்கும். பிறகு களிமண்ணில் உள்ள சிலிக்கா, அலுமினாவோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பசைபோலப் பிடித்து இறுகும்.

இதை வைத்து 1967-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் சுண்ணாம்புத் தூண் யோசனை பிறந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் துறைமுக ஆராய்ச்சி நிலையத்திலும் ஆராய்ச்சி தொடங்கியது. 1970-களின் நடுவில் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு சுண்ணாம்புக்குப் பதிலாக சிமெண்டையும் பயன்படுத்தினார்கள். நம் மாநிலத்தில் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் கடல் களிமண்ணைத் தொட்டியில் நிரப்பி, நடுவில் சுண்ணாம்புத் தூண் வைத்துச் சோதித்தார்கள். தூணைச் சுற்றியிருந்த மண்ணும் பலமானது.

தூண் போடுவது எப்படி?

1. நீளமான கம்பியின் நுனியில் இறக்கைகள் உள்ள இயந்திரம் சுழன்றுகொண்டே மண்ணுக்குள் இறங்கும்.
2. சிமெண்டைத் தூளாகக் காற்றிலோ, கரைசலாகப் பம்பிலோ உள்ளே செலுத்தி, அங்கேயே சேற்றோடு கலக்கும். மண்ணைத் தோண்டி வெளியே எடுக்க வேண்டியதில்லை. சேறே தூணாகிறது!
3. தூணின் அகலம் பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை. ஒரு கன மீட்டர் மண்ணுக்கு சுமார் 100 முதல் 250 கிலோ சிமெண்ட், அதாவது 2 முதல் 5 மூட்டை.
4. கரையின் நடுவில் தூண்களை இடைவெளி விட்டுப் போடுவார்கள். சரிவுப் பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் சுவராகவும் போடுவார்கள். அது கரை சறுக்காமல் தடுக்கும்.

கரையின் பாரத்தில் பெரும்பகுதி கெட்டியான தூண்களுக்குப் போய்விடும். இடையில் உள்ள சேற்றுக்குச் சுமை குறையும்.

நான் செய்த சோதனை

இரண்டு பெயிண்ட் டப்பாவில் ஏரிச் சேற்றை நிரப்பினேன். ஒன்றில் குச்சியால் 7 குழி போட்டு, எடுத்த சேற்றில் சிமெண்ட் கலந்து திரும்ப நிரப்பினேன். ஈரச் சாக்கு போட்டு மூடி 28 நாள் வைத்தேன். பிறகு இரண்டின் மேலும் ஒரு பலகையும் 2 செங்கல்லும் வைத்தேன். வெறும் சேறு 6 செ.மீ. இறங்கியது. தூண் உள்ளது 4 செ.மீ. இறங்கியது. "இவ்வளவுதானா?" என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். என் தூண்கள் பாதி ஆழத்திலேயே நின்றிருந்தன! மறுபடியும் அடிவரைக்கும் குழி போட்டு, இன்னும் 28 நாள் காத்திருந்தேன். இந்த முறை 1 செ.மீ. கூட இறங்கவில்லை. தூண் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, அது கெட்டியான அடிமண்ணைத் தொட வேண்டும்.

நம் மண்ணுக்கு ஒத்துவருமா?

எல்லா மண்ணிலும் சிமெண்ட் ஒரே மாதிரி பிடிக்காது. இலை தழை மக்கிய சேற்றில் சரியாக இறுகாது. சல்பேட் உப்பு உள்ள மண்ணில் சுண்ணாம்போ சிமெண்டோ சேர்ந்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து மண் வீங்கும், தூணே வெடிக்கலாம். தோல் கழிவுநீரில் சல்பேட் உண்டு. நம் பகுதியில் தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. அதனால் நம் ஊரில் எதைச் செய்வதற்கு முன்பும் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

அந்தப் பெரிய இயந்திரத்துக்குச் செலவு அதிகம். சேறு ஆழமில்லாத இடத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல மண் போட்டு இறுக்கினாலே போதும். சேறு எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தானே எந்த வழி என்று முடிவு செய்ய முடியும்?

ஆயாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ முதல்ல அடியில இன்னா இருக்குதுன்னு பாருங்கன்னு கேளு" என்றாங்க. அடுத்த கிராம சபையில் அப்பா அந்தக் கோரிக்கையைக் கொடுக்கப் போகிறார். மனுவை நான்தான் எழுதினேன். உங்கள் ஊரிலும் வருஷா வருஷம் இறங்குகிற ரோடு இருந்தால், நீங்களும் கேளுங்கள்: "கல் கொட்டும் முன்பு மண்ணைச் சோதித்தீர்களா?"



– ஒன்பதாம் வகுப்பு மாணவி