குரங்குக் காய்ச்சல்: ஆய்வகத்தில் வென்ற மருந்து நோயாளியை வந்தடைவது எப்போது?

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களிலிருந்து நம் மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தினர், மார்கழி தொடங்கி வைகாசி வரையான மாதங்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, "உண்ணி பரப்பும் வைரஸுக்கு ஆய்வகத்தில் மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே டாக்டர், அதை ஏன் எங்கள் அப்பாவுக்குக் கொடுக்கவில்லை?" என்கின்றனர். நியாயமான கேள்வி. வார்டில் கட்டிலருகே நின்றபடி இரண்டு நிமிடத்தில் அதற்கு விடை சொல்லிவிட இயலாது என்பதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். 1957ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் உள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் மக்களும் கடுங்காய்ச்சலில் படுத்தனர். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர், அதாவது இன்றைய தேசிய வைராலஜி நிறுவனத்தினர், ஆராய்ந்து, இது அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் என்றும், காட்டு உண்ணிகள் இதைப் பரப்புகின்றன என்றும் கண்டறிந்தனர். டெங்கு வைரஸும் இதுவும் ஒரே குடும்பம். 2012இன் இறுதியில் பந்திப்பூர்க் காட்டில், இறந்த குரங்குகளை எரித்து அகற்றிய பணியாளர்களுக்கு இந்நோய் கண்டது. அதையடுத்து நீலகிரியின் முதுமலைப் பகுதியில் இறந்த குரங்குகளிடமும், கேரளத்தின் வயநாட்டில் மனிதரிடமும் இவ்வைரஸ் காணப்பட்டது. நோயுற்ற நூறு பேரில் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேர் உயிரிழக்கின்றனர். கர்நாடகத்தில் நெடுங்காலம் போடப்பட்ட தடுப்பூசி போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை என்று நிறுத்தப்பட்டுவிட்டது. மனிதரிடம் பயன் தருவதாக நிரூபிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து இந்நோய்க்கு இன்றுவரை இல்லை.

அப்படியானால் செய்திகளில் வரும் 'கண்டுபிடிப்பு' எது? பெரும்பாலும் அது ஒரு பிளாஸ்டிக் தட்டில் நடந்த சோதனையின் முடிவு. உள்ளங்கையளவுள்ள அந்தத் தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். இட்லித் தட்டை மிகச் சிறியதாகச் செய்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள செல்களை இட்டு, அவை அடியில் பாய் விரித்தாற்போல் படரும்வரை காத்திருப்பார்கள். பிறகு மருந்தை ஒரு குழியில் அடர்த்தியாகவும், அடுத்ததில் அதைவிட நீர்த்தும், இப்படிப் படிப்படியாகக் குறைத்து ஊற்றி, வைரஸையும் சேர்ப்பார்கள். சில குழிகளில் மருந்து மட்டும் இருக்கும். சிலவற்றில் வைரஸ் மட்டும் இருக்கும். சில நாள்கள் கழித்து எந்தக் குழியில் செல்கள் பிழைத்திருக்கின்றன, எதில் அழிந்துள்ளன என்று சாயமிட்டுப் பார்ப்பார்கள். வைரஸின் பெருக்கம் எவ்வளவு குறைந்தது என்பதையும் அளப்பார்கள்.

மருந்து மட்டும் ஊற்றிய குழிகளைப் பற்றிச் செய்திகள் பேசுவதே இல்லை. உண்மையில் அவையே முக்கியமானவை. வயலுக்குத் தீ வைத்தாலும் களை அழியும். பயிர் மிஞ்சுமா என்பதல்லவா கேள்வி? எந்த அளவு மருந்து வைரஸைப் பாதியாகக் குறைக்கிறது, எந்த அளவு செல்களிலேயே பாதியைக் கொல்கிறது என்ற இரண்டு அளவுகளையும் ஒப்பிடுவர். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் அடுத்த படி. இடைவெளி சிறிதென்றால், அது வைரஸைத் தடுக்கவில்லை, வைரஸ் குடியிருந்த வீட்டையே இடித்துவிட்டது என்றுதான் பொருள்.

எந்தச் செல் என்பதும் விடையை மாற்றிவிடும். உலகெங்கும் இச்சோதனைகளில் மிகுதியாகப் பயன்படும் 'வீரோ' செல்கள், 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டவை. கல்லீரல் அழற்சி 'சி' நோய்க்குச் சிறந்த மருந்தான சோஃபோஸ்புவிர், செல்லுக்குள் சென்று உருமாறினால்தான் வேலை செய்யும். கல்லீரல் செல்களில் அந்த மாற்றம் நன்கு நடக்கும். வீரோ செல்களில் போதிய அளவு நடப்பதில்லை. ஆகவே ஒரே மருந்து ஒரு தட்டில் வெற்றி, மற்றொன்றில் தோல்வி. மறுபக்கம், கொரோனா காலத்தில் வீரோ செல்களில் வைரஸைத் தடுத்த குளோரோகுயின், மனித நுரையீரல் செல்களில் தடுக்கவில்லை.

அடுத்தது அளவு. மாடுகளின் உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டினைப் பற்றி மலையடிவார விவசாயிகள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. உண்ணியைக் கொல்லும் மருந்து உண்ணிக் காய்ச்சலையும் தீர்க்காதா என்பது அவர்கள் எண்ணம். உண்ணி வேறு, அது சுமந்து வந்து நம் உடலில் விட்டுச் சென்ற வைரஸ் வேறு. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்றில் ஐவர்மெக்டின் கொரோனா வைரஸைப் பெருமளவு குறைத்தது உண்மை. ஆனால் அங்கே பயன்படுத்திய செறிவு, வழக்கமான அளவில் மாத்திரை உண்டவரின் இரத்தத்தில் காணப்படுவதைப் போலப் பல மடங்கு. பின்னர் நடந்த பெரிய மருத்துவச் சோதனைகளில் நோயாளிகளுக்குப் பயன் ஏதும் தென்படவில்லை. கால்நடை மருந்தை மனிதர் உட்கொள்வது உயிருக்கே ஆபத்து. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

குரங்குக் காய்ச்சலுக்கு நேரடியாகத் தொடர்புள்ள கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். டெங்குவுக்கு மருந்து தேடிய சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 'என்ஐடிடி-008' என்ற பொருளை உருவாக்கினர். வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கும்போது இது இடையில் புகுந்து வேலையை நிறுத்திவிடும். டெங்கு தொற்றிய எலிகள் பிழைத்தன. ஆனால் 2009இல் வெளியான முடிவுகளின்படி, இரண்டு வாரம் நாள்தோறும் கொடுத்தபோது வேறு இனத்து எலிகளும் நாய்களும் நஞ்சு விளைவுகளுக்கு ஆளாயின. மனிதருக்கு அது கொடுக்கப்படவில்லை. இவ்வளவும் தெரிந்த பின்பே, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் அதே பொருளைக் குரங்குக் காய்ச்சல் வைரஸ் உள்ளிட்ட உண்ணி வைரஸ்களிடம் சோதித்து, அது மிக வலுவாகத் தடுக்கிறது என்று 2016இல் அறிவித்தனர். நஞ்செனத் தெரிந்ததை ஏன் சோதிக்க வேண்டும் என்று தோன்றலாம். பூட்டின் துவாரம் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது. அந்தத் துவாரத்துக்குக் கையைக் கிழிக்காத வேறு சாவி செய்யலாம். ஆய்வாளருக்கு அது நற்செய்தி. அன்று காய்ச்சலில் கிடந்தவருக்கு அது மருந்தாகவில்லை.

காலமும் தட்டில் ஒரு விதமாகவும் உடலில் வேறு விதமாகவும் ஓடுகிறது. ஆய்வகத்தில் வைரஸைச் சேர்ப்பதற்குச் சற்று முன்போ பின்போ மருந்து போய்விடும். நம்மிடம் வருபவரோ, உண்ணி கடித்து மூன்று முதல் எட்டு நாள் கழித்துக் காய்ச்சல் கண்டு, ஊர்க் கடையில் மாத்திரை வாங்கிப் பார்த்து, அதன்பின் மலையிறங்கி வருகிறார். அதற்குள் வைரஸ் பெருமளவு பெருகியிருக்கும்.

இப்பாதையை முழுவதும் கடந்த மருந்தும் உண்டு. சீனாவில் 2009 வாக்கில் வெளிப்பட்டு, பின்னர் ஜப்பானிலும் கொரியாவிலும் காணப்பட்ட ஓர் உண்ணி வைரஸ், கடுங்காய்ச்சலோடு தட்டணுக்களைச் சரித்து உயிரைப் பறிப்பது. அது குரங்குக் காய்ச்சல் வைரஸின் உறவினர் அல்ல, வேறு குடும்பம். ஃபாவிபிராவிர் என்ற ஃப்ளூ மருந்து செல்களில் அதைத் தடுத்தது, தொற்றிய எலிகளைக் காத்தது, நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது, 2024இல் ஜப்பான் அரசு அந்நோய்க்கு அனுமதி அளித்தது. கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. நோய் வெளிப்பட்டதிலிருந்து மருந்து கட்டிலை எட்ட ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதுவும் மருந்து ஏற்கெனவே கையில் இருந்தும். குரங்குக் காய்ச்சல் ஏழை வனவாசிகளையும் விவசாயிகளையும் தாக்குவது. ஆண்டுக்குச் சில நூறு பேருக்கு வருவது. இவ்வைரஸை உயர் பாதுகாப்பு ஆய்வகங்களில் மட்டுமே கையாள முடியும். முதலீடு மெதுவாக வருவதில் வியப்பில்லை, வருத்தம் உண்டு.

ஆகவே அடுத்த முறை இத்தகைய செய்தி வந்தால், அது செல்லிலா, விலங்கிலா, மனிதரிலா என்று பாருங்கள். புரியாவிட்டால் எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம். அந்த மருந்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். மருந்து இல்லை என்பதால் சிகிச்சை இல்லை என்றாகாது. நீர்ச்சத்தைச் சரியாக வைப்பது, இரத்த அழுத்தத்தையும் தட்டணுக்களையும் கவனிப்பது, இரத்தக்கசிவை முன்கூட்டியே கண்டு தேவையான இரத்தக் கூறுகளை ஏற்றுவது ஆகியவற்றால்தான் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகின்றனர். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபென் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

காய்ச்சல் விட்டபின் ஓரிரு வாரம் கழித்துச் சிலருக்கு மீண்டும் காய்ச்சலும், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கை நடுக்கம், பார்வைக் குறைவு ஆகியவையும் வரலாம். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் இவற்றைக் கவனித்து, கண்டால் உடனே அழைத்து வாருங்கள். சேர்க்கையின்போது, கடந்த இரண்டு வாரத்தில் விறகுக்கோ மேய்ச்சலுக்கோ காட்டுக்குள் சென்றாரா, உண்ணி கடித்ததா, அருகில் குரங்கு இறந்து கிடந்ததா என்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளையும் சரியாகச் சொல்லுங்கள். முதல் சில நாள்களில் வைரஸையே தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை, ஐந்தாம் நாளுக்குப் பின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலிசா என்று, எந்தச் சோதனைக்கு இரத்தம் அனுப்ப வேண்டும் என்பதை அந்தத் தேதியைக் கொண்டே முடிவு செய்கிறோம்.