ஏரிக்கு வரும் விருந்தாளிகள்

கோலார் தங்க வயல் என்றால் தெரியாதவர் இல்லை. 1880களில் அங்கே பெரிய அளவில் சுரங்க வேலை தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வேலைக்குப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை போனது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கிடைத்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனார்கள். இன்றும் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பலர் பெங்களூருக்குப் போகிறார்கள். இரவில்தான் வீடு திரும்புகிறார்கள்.

உள்ளூரிலேயே பிழைக்க வழி உண்டா? இந்தக் கேள்வி தங்க வயலில் எல்லா வீடுகளிலும் உண்டு. சில ஊர்களில் பறவைகளே மக்களுக்குப் பிழைப்புத் தருகின்றன. அந்த ஊர்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

தட்டேக்காடு

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது தட்டேக்காடு. பெரியாற்றின் கரையில் உள்ள காட்டு ஊர். 1930களில் சலீம் அலி என்ற பறவை அறிஞர் அங்கே வந்தார். அந்தக் காட்டில் பறவைகள் மிகுதி என்று கண்டு சொன்னார். 1983ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது.

பறவை பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் எங்கே தங்குவார்கள்? என்ன சாப்பிடுவார்கள்? யார் வழி காட்டுவார்கள்? ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தன. வீட்டுச் சமையலையே பரிமாறின. காட்டைத் தெரிந்தவர்கள் வழிகாட்டிகள் ஆனார்கள். பெண்களும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள்.

அங்கே தவளைவாயன் என்று ஒரு பறவை உண்டு. பகல் முழுவதும் கிளையில் அசையாமல் உட்கார்ந்து தூங்கும். பார்த்தால் காய்ந்த இலை போலவே இருக்கும். வெளியூர்க்காரர் நாள் முழுவதும் தேடினாலும் கண்ணில் படாது. அந்த ஊர்க்காரருக்கு எந்த மரம், எந்தக் கிளை என்று தெரியும். அந்த அறிவுக்குத்தான் கூலி.

மங்களாஜோடி

ஒடிசாவில் சிலிகா ஏரியின் வடகரையில் உள்ளது மங்களாஜோடி. குளிர்காலத்தில் அங்கே லட்சக்கணக்கில் பறவைகள் வந்து இறங்கும். ஒரு காலத்தில் ஊரில் பலர் அவற்றைப் பிடித்துக் கொன்று விற்றார்கள். பறவைகள் குறைந்துகொண்டே போயின.

பிறகு ஊரில் பறவைப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. வேட்டையாடியவர்களே காவல்காரர்கள் ஆனார்கள். பறவை எங்கே மேயும், எப்போது பறக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இன்று அவர்கள் நாட்டுப் படகில் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு, கோலால் தள்ளிப் போகிறார்கள். மோட்டார் சத்தம் இல்லை. அதனால் பறவைகள் மிரள்வதில்லை. 2018ல் இந்த ஊரின் சுற்றுலா அறக்கட்டளைக்கு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருது கிடைத்தது.

பறவையைக் கொன்று விற்றால் ஒரு முறைதான் காசு. உயிரோடு காட்டினால் ஆண்டுதோறும் காசு.

கொக்கரே பெள்ளூர்

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்தில் உள்ளது இந்த ஊர். மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் இருக்கும் புளிய மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த மகள்களாக ஊரார் நினைக்கிறார்கள். பறவை எச்சத்தைச் சேர்த்து வயலுக்கு உரம் போடுகிறார்கள். 2007ல் அரசு அந்த ஊரைச் சமுதாயக் காப்பிடம் என்று அறிவித்தது.

தங்க வயலில் என்ன இருக்கிறது?

தங்க வயலுக்குப் பக்கத்தில் பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது. பாலாற்று நீரைத் தேக்கிய ஏரி அது. தங்க வயலுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வந்தது. கோலார் மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். நடுவில் பல ஆண்டுகள் ஏரிகள் காய்ந்து கிடந்தன. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து மாவட்டத்தின் ஏரிகளுக்கு விடுகிறார்கள்.

தண்ணீர் நின்றால் பறவை வரும். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி, நாரை என்று பலவகை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகளும் வரும். பக்கத்திலேயே பெங்களூர். அங்கே பறவை பார்ப்பவர்கள் ஏராளம். காலை 6 மணிக்கு ஏரிக்கரையில் நிற்பவரே நிறையப் பறவை பார்ப்பார். அதனால் முதல் நாள் இரவே வந்து தங்க அவர்களுக்கு இடம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா சமைக்கிறார். மகன் பறவை காட்டுகிறான். மகள் கணக்கு எழுதுகிறாள். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான்.

இரண்டு விருந்தினருக்குத் தங்கவும் சாப்பிடவும்: ரூ. 3,000
வழிகாட்டிக்கு: ரூ. 1,000
ஒரு நாள் வரவு: ரூ. 4,000

மளிகை, காய்கறி: ரூ. 700
துணி வெளுப்பு, மின்சாரம்: ரூ. 200
ஆட்டோ: ரூ. 500
ஒரு நாள் செலவு: ரூ. 1,400

மிச்சம்: ரூ. 2,600

பருவத்தில் 40 நாள் ஆள் வந்தால் ரூ. 1,04,000 மிஞ்சும். இதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் ரூ. 8,660. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் வேறு வருமானத்தோடு சேர்ந்தால் கை கொடுக்கும். சுத்தமான கழிப்பறை, நல்ல படுக்கை, ஒரு தொலைநோக்கி ஆகியவற்றுக்கு முதலில் பணம் போட வேண்டும். முதல் ஆண்டிலேயே 40 நாளும் ஆள் வருவார்கள் என்று எண்ணிக் கடன் வாங்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

கூட்டின் அருகே போகக் கூடாது. பறவை மிரண்டு எழுந்தால் முட்டை வெயிலில் காயும். குஞ்சைக் காகம் கொத்தும். பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுரங்க நிலத்திலும் சயனைடு மண் மேட்டிலும் அனுமதி இல்லாமல் ஆட்களை அழைத்துப் போகக் கூடாது. பழைய குழிகள் ஆபத்தானவை.

இன்னொன்றும் உண்டு. கோலார் மாவட்டம் அனுமனஹள்ளியில் ஒரு பாறைக் குகை இருக்கிறது. கோலார் இலைமூக்கு வௌவால் அங்கே வாழ்கிறது. உலகில் வேறு எங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. எண்ணிக்கையும் மிகக் குறைவு. அந்தப் பகுதியில் கல் உடைத்ததால் அதன் வாழ்விடம் கெட்டது. இப்படிப்பட்ட உயிரைக் காட்டிக் காசு பார்க்கக் கூடாது. ஆள் போகப் போக அது அழியும். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று தெரிந்தவரே நல்ல வழிகாட்டி.

சுரங்கத்தில் எடுத்த தங்கம் மறுபடி விளையவில்லை. எடுத்தது எடுத்ததுதான். ஏரி அப்படி இல்லை. கரையைக் காத்து, குப்பை கொட்டாமல் பார்த்துக்கொண்டால் பறவைகள் அடுத்த ஆண்டும் வரும். அவற்றைப் பார்க்க விருந்தினரும் வருவார்கள்.

பேசிப் பாருங்கள்

1. தவளைவாயனைக் காட்ட ஊர்க்காரரால் எப்படி முடிகிறது?
2. மங்களாஜோடி மக்கள் ஏன் மனம் மாறினார்கள்?
3. விருந்தினர் 30 நாள் மட்டும் வந்தால் மிச்சம் எவ்வளவு?
4. உங்கள் ஊர் ஏரிக்கு என்னென்ன பறவைகள் வருகின்றன? பெயர்களை எழுதுங்கள்.

சொற்பொருள்

சரணாலயம் – உயிரினங்களுக்குப் பாதுகாப்பான இடம்
வலசை – பருவத்துக்கு ஏற்ப இடம் மாறிப் போதல்
எச்சம் – பறவையின் கழிவு