கரு கலைந்த பின் மீண்டும் கர்ப்பம்: பயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டாம்



ஒரு முறையோ இரு முறையோ கரு கலைந்த பெண்ணுக்கு, மறுபடியும் கர்ப்பம் என்று தெரிந்தவுடன் மகிழ்ச்சிக்கு முன்பாகப் பயம்தான் வருகிறது. "மூன்று மாதம் தாண்டட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று வீட்டாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கண்ணேறு பட்டுவிடுமோ என்பது ஒரு கவலை. மறுபடியும் கலைந்துவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது இன்னொரு கவலை. ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. ஆனால் ஊருக்கு மறைக்கப் போய், செவிலியருக்கும் மருத்துவருக்கும்கூட மறைத்துவிடுகிறோம். கவனிப்பு மிகவும் தேவைப்படும் முதல் 12 வாரங்கள் அப்படியே கழிந்துவிடுகின்றன. இதைப் பற்றியே இந்த இதழில் பேசுகிறோம்.

யார் மீதும் குற்றமில்லை

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 15 கலைந்துவிடுகின்றன. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் கர்ப்பங்கள் இப்படிக் கலைவதாக 2021-ல் லான்செட் மருத்துவ இதழ் கணக்கிட்டது. ஆரம்ப மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் ஏற்படும் பிழை. மாடிப்படி ஏறியதோ, துணி துவைத்ததோ, செஞ்சிக்குப் பஸ்ஸில் போய்வந்ததோ காரணமல்ல. மருமகளை "ராசியில்லாதவள்" என்று சொல்வது மார்க்கத்துக்கும் முரணான பேச்சு. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கலைந்திருந்தால் காரணத்தைத் தேடிப் பரிசோதனை செய்வது அவசியம். தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறைவதில் உள்ள கோளாறு, கர்ப்பப்பையின் அமைப்பு, கர்ப்பப்பை வாயின் பலவீனம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்த உறைவுக் கோளாறுக்கு மருந்தும் ஊசியும் உள்ளன. கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருந்தால் தையல் போடுவார்கள். ஆனால் மற்றவருக்குக் கொடுத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நாமே வாங்கிச் சாப்பிடக் கூடாது. பல தம்பதியருக்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் பின்னர் குழந்தை பெறுகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பயம் ஈமான் குறைவா?

"தவக்குல் இருந்தால் பயம் வராது" என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். ஏற்கெனவே நொந்திருக்கும் பெண்ணின் மனதில் இது குற்ற உணர்வையும் சேர்த்துவிடுகிறது. மூஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணிப் பாருங்கள். பயப்பட வேண்டாம், குழந்தையை உம்மிடமே திருப்பிச் சேர்ப்போம் என்று அல்லாஹ்வே அவருக்கு அறிவித்தான். அதன் பிறகும் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப்போனதைச் சூரத்துல் கஸஸ் மறைக்காமல் சொல்கிறது. அல்லாஹ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரது உள்ளத்தை உறுதிப்படுத்தினான். அந்தத் தாயும் சும்மா இருக்கவில்லை. தன் மகளை அழைத்து, குழந்தையைப் பின்தொடர்ந்து பார்த்துவரச் சொன்னார். அல்லாஹ்வின் வாக்குறுதி பெற்ற தாயே கலங்கினார், நம்பிக்கையான ஒருவரிடம் சொன்னார், தம்மால் முடிந்ததைச் செய்தார். நமக்கான பாடம் இதுதான்.

இந்தப் பயம் உண்மையான ஒரு நோவு என்பதை மருத்துவமும் ஏற்கிறது. ஆரம்ப மாதங்களில் கர்ப்பத்தை இழந்த பெண்களிடம் லண்டன் ஆய்வாளர்கள் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் கழித்து நூற்றுக்கு 29 பேருக்கு விபத்தில் சிக்கியவர்களுக்கு ஏற்படுவது போன்ற மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் நூற்றுக்கு 18 பேருக்கு அவை நீடித்தன.

மூன்று பேரிடம் சொல்லுங்கள்

முதலாவது, உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். நாள் தள்ளிப்போனது உறுதியானவுடன் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் பெறுங்கள். முன்பு எத்தனை முறை, எத்தனையாவது வாரத்தில் கலைந்தது என்பதைச் சொல்லி, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைக் காட்டுங்கள். கூடுதல் கவனிப்பு தேவையென்றால் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்கிறது. அதற்கும் 12 வாரத்துக்குள் பதிவு வேண்டும்.

இரண்டாவது, கணவர். அவர் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருந்தாலும் பயத்தை அவரிடம் மறைக்க வேண்டாம். ஊரிலிருக்கும் கணவர் ஸ்கேனுக்குக் கட்டாயம் உடன் செல்ல வேண்டும். அவருக்கும் அந்த இழப்பு இழப்புதான், அவரும் பேசட்டும்.

மூன்றாவது, அறிவுரை சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு பெண். தாயாகவோ, அக்காவாகவோ, நாத்தனாராகவோ இருக்கலாம். நார்வே நாட்டில் 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாமல் பலமுறை கரு கலைந்த பெண்களில் சிலருக்கு வாரந்தோறும் பரிசோதனையும் ஆறுதலும் தரப்பட்டன. அவர்களில் நூற்றுக்கு 86 பேர் குழந்தை பெற்றார்கள். அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 33 பேர்தான். சிறிய ஆய்வு என்பதால் இதை முடிவான சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும் அன்பான கவனிப்பால் நன்மையே தவிரத் தீமையில்லை.

நாள்களைக் கடப்பது எப்படி?

ஒன்பது மாதத்தையும் ஒரே மூச்சில் நினைக்காதீர்கள். அடுத்த பரிசோதனை நாள் வரைக்கும் மட்டும் நினையுங்கள். ஏழாவது வார வாக்கில் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியும். அது தெரிந்து ஒவ்வொரு வாரம் கடக்கும்போதும் கலையும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். மனதில் ஓடும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் போனில் வீடியோ தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டு, திக்ரு செய்யுங்கள். ரமளானில் தனக்கோ சிசுவுக்கோ பாதிப்பு வருமென்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. களா, ஃபித்யா பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தப்போக்கு, கடுமையான அடிவயிற்று வலி, காய்ச்சல், நீர் கசிவு இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள். திருமண வீடுகளில் இளம் பெண்களைப் பார்த்து "விசேஷம் உண்டா?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். எல்லாக் கவனிப்புக்கும் பிறகு ஒரு கர்ப்பம் நிற்காமல் போகலாம். அப்போது அந்தப் பெண் அழட்டும். தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள்.

பரிசோதனைக்குத் துணையோ வாகனமோ இல்லாத சகோதரிகள் வீட்டுப் பெண்கள் மூலம் அறக்கட்டளைக்குத் தெரிவிக்கலாம். விஷயம் வெளியே போகாது. கர்ப்பமாக இருக்கும் நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் சுகப்பிரசவத்தையும் ஸாலிஹான குழந்தைகளையும் தருவானாக. ஆமீன்.