கட்டையை இனி நீ தள்ளாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பட்டறைக்குக் கட்டையைத் தானே தள்ளும் பவர் ஃபீடர் வந்திருப்பதாக அக்கா போனில் சொன்னாள். "இனி அவனுக்கு வேலையே இல்லையாம்" என்று சிரிப்பு வேறு. அந்த மெஷினின் சூட்சுமத்தை உனக்கு முன்பே அறிந்தவள் அவள்தான்.

திருப்பூரில் இத்தனை வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவள் அல்லவா? புதிதாக வரும் பெண்களிடம் அவள் முதலில் சொல்வது, "துணியை இழுக்காதே." மேலே பாதம் அழுத்தும், கீழே பல் நகர்த்தும். கை இழுத்தால் பின்னல் துணி நீண்டு, தையல் அலையடிக்கும். ஃபீடரின் ரப்பர் சக்கரம் அழுத்துவது, நகர்த்துவது இரண்டையும் மேலிருந்தே செய்கிறது.

கட்டையைக் கையால் தள்ளினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார். ரூட்டர் நிமிஷத்துக்கு 18,000 சுற்று, பிட்டில் இரண்டு அலகு என்றால் விநாடிக்கு 600 வெட்டு. கட்டை நிமிஷத்துக்கு 4 மீட்டர் நகர்ந்தால், ஒரு வெட்டுக்குச் சுமார் 0.11 மில்லிமீட்டர். நீ கை மாற்றிப் பிடிக்க ஒரு விநாடி நின்றாலோ, 600 வெட்டும் ஒரே இடத்தில் விழும்; மரம் கருகும். பனியன் கம்பெனிக் கட்டிங் டேபிள் விளிம்புக்கான பத்தடி ரீப்பரில் எத்தனை முறை கை மாற்றுவாய்? அந்த விளிம்பில் ஒரு சிலாம்பு மிஞ்சினாலும் பனியன் துணியில் நூல் இழுத்துவிடும்.

பொருத்தும்போது, சக்கரத்தின் அடிப்பக்கம் கட்டையின் மேற்பரப்பைவிட 3 மில்லி தாழ்ந்திருக்கட்டும். கட்டை வெளியேறும் பக்கம் ஃபீடரை 3 முதல் 6 மில்லி வரை ஃபென்ஸை நோக்கித் திருப்பி வை. அப்போதுதான் கட்டை விலகாமல் ஃபென்ஸை ஒட்டியே ஓடும். சக்கரம் பிட்டைத் தொடவே கூடாது. சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடக் குட்டையான துண்டை உள்ளே விடாதே, நடுவில் பிடிமானம் போய்விடும். ஃபீடர் கனம், பிளைவுட் மேசை வளைந்துகொடுக்கும், நம்பாதே.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது திசைக்குத்தான். மேசை ரூட்டரில் ஃபென்ஸுக்கு முன்னால் கட்டை வலமிருந்து இடமாக, பிட்டின் சுழற்சிக்கு எதிராகப் போகவேண்டும். என் பட்டறையில் ஒருமுறை வயரிங் வேலை நடந்தது. ஃபீடர் மூணு ஃபேஸ். இரண்டு ஒயர் இடம் மாறியதை யாரும் கவனிக்கவில்லை. கட்டையை நீட்டினேன், அது என் வயிற்றுக்கே திரும்பி வந்தது. பிட்டைத் தொடும் முன்பே வந்ததால் தப்பினேன். ஒற்றை ஃபேஸ் ரூட்டர் வழக்கம்போலவே சுற்றிக்கொண்டிருந்ததால் சந்தேகமே வரவில்லை. கை தடுமாறினால் நாம் நிறுத்துவோம்; ஃபீடருக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை ரூட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபீடரை மட்டும் போட்டு, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார். பார்த்ததும் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
மாமா