அட்டையின் நிறம்

சளி, காய்ச்சல் என்று அக்கம்பக்கத்துத் தனியார் மருந்தகத்திற்குப் போகிறோம். முகப்பில் இருப்பவர் நமது சாஸ் அட்டையைப் பார்க்கிறார். அது நீல நிறமானால் கட்டணத்தில் 18.50 வெள்ளி வரை குறையும். ஆரஞ்சு நிறமானால் 10 வெள்ளி வரை குறையும். பச்சை அட்டைக்குச் சளி, காய்ச்சலுக்கெல்லாம் சலுகை கிடையாது. ஆனால் நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களுக்கு உண்டு.

சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டம் தொடக்கத்தில் எல்லாருக்கும் உரியதாக இல்லை. 2012ஆம் ஆண்டில் 40 வயதை எட்டியவர்களே இதில் சேர முடிந்தது. 2014இல் வயது வரம்பு நீக்கப்பட்டது. 2019 நவம்பரில் பச்சை அட்டை வந்த பிறகு, சிங்கப்பூர்க் குடிமக்கள் அனைவரும் தகுதி பெற்றனர். நிரந்தரவாசிகளுக்கு இத்திட்டம் பொருந்தாது.

அட்டையின் நிறத்தை எது முடிவு செய்கிறது? நோயாளியின் சம்பளம் என்றே பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் குடும்பத்தினர் அனைவரின் மாத வருமானத்தையும் கூட்டி, அங்கு வாழும் குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். குழந்தையும் ஓர் உறுப்பினர்தான். வேலைக்குப் போகாத பாட்டியும் ஓர் உறுப்பினர்தான். 2022இல் திருத்தப்பட்ட வரம்பின்படி, தலைக்கு 1,500 வெள்ளிக்கு மிகாமல் இருந்தால் நீலம். அதற்கு மேல் 2,300 வெள்ளி வரை ஆரஞ்சு. அதையும் தாண்டினால் பச்சை.

ஐவர் வாழும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்பாவுக்கு 3,400 வெள்ளி, அம்மாவுக்கு 1,600 வெள்ளி. பாட்டிக்கும் இரு பிள்ளைகளுக்கும் வருமானம் இல்லை. தலைக்கு 1,000 வெள்ளி, நீல அட்டை. மூத்த மகள் படிப்பை முடித்து 2,700 வெள்ளி சம்பளத்தில் வேலைக்குச் சேர்கிறாள். இப்போது மொத்தம் 7,700 வெள்ளி. ஐந்தால் வகுத்தால் 1,540. நாற்பது வெள்ளியில் நிறம் மாறிவிடுகிறது!

“என் சம்பளம் வந்ததால்தானே அம்மாவுக்குச் சலுகை குறைந்தது?” என்று மகள் கேட்கிறாள். அம்மாவுக்கு நீரிழிவு. வேறு சிக்கல் இல்லாத ஒரு நாட்பட்ட நோய்க்கு நீல அட்டையில் ஆண்டுக்கு 320 வெள்ளி வரை கிடைக்கும். ஆரஞ்சில் 200 வெள்ளி வரைதான்.

“மாதம் 2,700 வெள்ளி கொண்டு வருகிறாய். ஆண்டுக்கு 120 வெள்ளிக்காகவா வருத்தப்படுகிறாய்?” என்று அம்மா சிரிக்கிறார். அவர் சொல்வது சரியே. ஆனால், அப்பாவின் 3,400 வெள்ளியில் 200 வெள்ளி மிகைநேர ஊதியம். மிகைநேர ஊதியம், படித்தொகை, போனஸ் எல்லாமே கணக்கில் சேரும். அந்த 200 வெள்ளி இல்லையென்றால் தலைக்குச் சரியாக 1,500 வெள்ளி. மிகைநேர வேலை என்றும் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அதனால்தான், வருமானம் குறைந்த குடும்பம் மறுபடியும் விண்ணப்பிக்க வழி வைத்திருக்கிறார்கள். இதை அறியாமல், பழைய நிறத்தோடே காலம் தள்ளுவோரும் இருக்கலாம்.

வீட்டில் யாருக்குமே வருமானம் இல்லையென்றால்? அப்போது வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்க்கிறார்கள். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. பெரும் பணக்காரர் ஒருவர் ‘எனக்குச் சம்பளம் இல்லை’ என்று நீல அட்டை வாங்கிவிடக் கூடாது அல்லவா? எனினும், கணவர் விட்டுச்சென்ற தரை வீட்டில் சேமிப்பின்றித் தனியாக வாழும் மூதாட்டிக்கும் இதே விதிதான். அவர் முன்னோடித் தலைமுறையையோ மெர்டேக்கா தலைமுறையையோ சேர்ந்தவராக இருந்தால், வருமானமோ வீடோ பார்க்காமல் தனிச் சலுகை உண்டு. இல்லையென்றால் பச்சை அட்டைதான்.

இப்படி விதிகளின் இடுக்கில் சிக்குவோருக்கு மருத்துவமனையில் இன்னொரு கதவு இருக்கிறது. 1993இல் 200 மில்லியன் வெள்ளியுடன் அரசாங்கம் மெடிஃபண்ட் நிதியைத் தொடங்கியது. அரசாங்க மானியம், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் சேமிப்பு எல்லாம் போக எஞ்சும் கட்டணத்தையும் செலுத்த முடியாதவர்கள் இதை நாடலாம். இங்கே வகுத்தல் கணக்கு மட்டும் போதாது. மருத்துவச் சமூக ஊழியர் நோயாளியை எதிரில் அமரவைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மாதச் செலவு என்ன, உதவ யார் உண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிகிறார்.