ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாக இருசக்கர வாகனம்

"இந்த வயதில் வண்டி ஓட்டப் பழகலாமா, டாக்டர்?" எனப் பலர் எங்களிடம் வினவுகின்றனர். பிள்ளைகள் வெளியூர் சென்றபின் மருந்துக்கடைக்கும் சந்தைக்கும் பிறர் துணையை எதிர்பார்க்க நேர்ந்தவர்களே இவர்களுள் மிகுதி. உடன் வரும் உறவினரோ "வேண்டாம்" என்பர். வயது மட்டுமே இதற்குத் தடையன்று. ஆயினும், வண்டி வாங்குவதற்கு முன் உடலைப் பரிசோதித்துக்கொள்வது இன்றியமையாதது.

நாற்பது வயதைக் கடந்தோர் பழகுநர் உரிமம் பெற, படிவம் 1ஏ எனப்படும் மருத்துவச் சான்றிதழ் தேவை. அதனை வெறும் கையொப்பமாகக் கருதற்க. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானாலும், ஒரு காரின் நீளத்தைவிட அதிகத் தொலைவு கடந்துவிடும்.

பரிசோதிக்க வேண்டியவை

கண்: கண்புரை உள்ளவர்க்கு எதிர்வரும் முகப்பு விளக்கின் ஒளி பார்வையை மறைக்கும். கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையை அறிகுறியின்றிக் குறைக்கும்.

சர்க்கரை: இன்சுலின் அல்லது கிளிமிப்பிரைடு பயன்படுத்துவோர் புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பார்த்தல் வேண்டும். 90-க்குக் கீழிருப்பின் சிறிது உண்டபின் செல்க. 70-க்குக் கீழிருப்பின் வண்டியைத் தொடலாகாது. அளவு சீரான பின்னரும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மருந்து: சளி மாத்திரைகள் சில, தூக்க மாத்திரைகள், நரம்பு வலிக்கான பிரீகாபலின் போன்றவை மயக்கம் தரும்.

இரத்தம்: இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வலியில்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும்.

கழுத்து, முழங்கால்: தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க இயலுகிறதா, நின்ற வண்டியைக் காலூன்றித் தாங்க முடிகிறதா எனச் சோதித்தறிக.

பழகும் முறை

இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் கியர் இல்லாத ஸ்கூட்டரே ஏற்றது. பகற்பொழுதில், வெற்றுத் திடலில், இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவதை முதலில் பழகுக. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். ஆதலால் அவசரம் வேண்டாம். ஐ.எஸ். 4151 தரக்குறியுள்ள தலைக்கவசத்தை, தாடைப் பட்டியை இறுக்கி அணிக. விபத்துக்குள்ளானோரிடையே தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது.

வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், கடும் பார்வைக் குறைவு ஆகியவை உள்ளோர்க்கு நாங்கள் "கூடாது" என்றே கூறுவோம். அது தங்கள் திறமையைக் குறித்த தீர்ப்பன்று. பிறர்க்கு, குடும்பத்தார் தடையாக நிற்பதினும் திடலில் துணையாக நிற்பதே நலம். அடுத்த முறை வரும்போது மூக்குக்கண்ணாடியையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வருக.